மூலம் மறைந்த இசை



பியானோ பயிலும் பிள்ளைகள் உள்ள வீட்டருகே சென்றிருப்பீர்களாயின், ‘எலீசுக்கு’ என்னும் பொருளுடைய ‘ஃபூர் எலீஸ்’ என்ற சிறிய இசை உங்கள் செவியில் விழுந்தே இருக்கும். 1810ஆம் ஆண்டளவில் பீத்தோவன் இயற்றியது அது. உலகெங்கும் ஒலிக்கும் இந்த இசைக்கு, அவர் கைப்பட முடித்தெழுதிய பிரதி இன்று நமக்குக் கிட்டவில்லை என்றால் நம்புவீர்களா?

பீத்தோவன் 1827இல் மறைந்தார். அவர் உயிரோடிருந்த காலத்தில் இந்த இசை அச்சேறவில்லை. அவர் மறைந்து நாற்பது ஆண்டுகள் கழிந்த பின், 1867இலேதான் லூட்விக் நோல் என்னும் அறிஞர் இதனை வெளியிட்டார். மியூனிச் நகரில் ஓர் ஆசிரியையிடம் இருந்த கையெழுத்துப் பிரதியைக் கண்டு, அதனைப் பார்த்தெழுதி அச்சிட்டதாக அவர் கூறினார். அதன் பின்னர் அப்பிரதி மறைந்து போயிற்று. ஆகவே, நோல் தம் கண்ணால் கண்டதையே நாம் இன்று காதால் கேட்கிறோம்.

அவர் கண் தவறியிருத்தல் கூடுமோ? இந்த ஐயம் தலைப்பிலேயே தொடங்குகிறது. ‘எலீசுக்கு, ஏப்ரல் 27ஆம் நாள், நினைவாக’ என்னும் கருத்துப்பட மூலத்தில் எழுதியிருந்ததாக நோல் குறித்தார். ஆனால் அப்பிரதியோ, பீத்தோவன் மணக்க விரும்பிய தெரேசா மல்ஃபாத்தியின் உடைமைகளிலிருந்து வந்ததாகச் சொல்லப்பட்டது. பீத்தோவனின் கையெழுத்து படிப்பதற்கு மிகக் கடினமானது. எனவே ‘தெரேசா’ என்பதே ‘எலீஸ்’ எனத் தவறாக வாசிக்கப்பட்டது என 1923இல் மாக்ஸ் உங்கர் கருதினார். வேறு பெண்களின் பெயர்களும் பின்னர் எடுத்துரைக்கப்பட்டன. வழக்கு இன்னும் முடியவில்லை.

பெயரை விட்டுச் சுரத்துக்கு வருவோம். இசையின் ஏழாவது கட்டத்தில், வலக்கை வாசிக்கும் இரண்டாவது சுரம் ஈ என்பதா, டி என்பதா? நோலின் பதிப்பில் அவ்விடத்தில் ஈ இருக்கிறது. அதே பகுதி மீண்டும் வரும் பின்னைய இடங்களிலோ டி இருக்கிறது. ஒரே பதிப்பு இரு விதமாகப் பேசுகின்றது. ஏட்டுச் சுவடிகளை ஆராயும் நம் புலவர்கள் இதனையே பாடபேதம் என்பர்.

நல்வாய்ப்பாக, மற்றொரு சாட்சி உண்டு. பீத்தோவன் எழுதிய வரைவுத் தாள் ஒன்று, அவர் பிறந்த போன் நகரில் உள்ள பீத்தோவன் இல்லத்தில் பாதுகாக்கப்பட்டு வருகின்றது. அவ்வரைவு டி என்பதற்கே சான்று பகர்கின்றது. இசையின் போக்கும் அதற்குத் துணை நிற்கின்றது. டி சுரத்திலிருந்து மேலுள்ள சி சுரத்துக்குத் தாவுவது ஏழு சுர அளவான தாவல். அடுத்த பகுதி தொடங்கியதும், இதே அளவான தாவல் படிப்படியாக இறங்கி மும்முறை வருவதைக் கேட்கலாம். டி என்று வாசித்தால், முதற் பகுதி பின் வருவதற்கு முன்னறிவிப்பாக அமைகிறது. ஈ என்று வாசித்தால் அந்த உறவு அறுந்துவிடுகிறது. இருந்தும், ஈ என்றே எங்கும் அச்சிட்ட பதிப்புகள் பல உள்ளன. பழக்கமும் ஒரு வகைச் சட்டம் அல்லவா?

அப்படியாயின், வரைவையே மூலமாகக் கொண்டுவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். அங்கேதான் சிக்கல். அதே தாளில் 1822ஆம் ஆண்டளவில் பீத்தோவன் மீண்டும் கைவைத்துத் திருத்தங்கள் செய்துள்ளார். அவற்றின்படி இடக்கையின் துணையிசை சற்றுத் தாமதித்து நுழைகின்றது. சில கட்டங்கள் புதிதாகச் சேர்கின்றன. அத்திருத்தங்களைக் கொண்டு பரி கூப்பர் என்னும் ஆய்வாளர் 1991இல் ஒரு பதிப்பை வெளியிட்டார். ஆனால் பீத்தோவன் அத்திருத்தங்களை நிறைவுசெய்து தாமாக வெளியிட்டாரல்லர். முடிக்காத திருத்தத்தை ஆசிரியரின் இறுதிச் சொல்லெனக் கொள்வது எங்ஙனம்?

வரைவு ஆசிரியரின் கையெழுத்து; ஆயினும் முடிந்த நூலன்று. அச்சுப் பதிப்பு முடிந்த நூல். ஆயினும் பிறர் கைப்பட்டது. இரண்டையும் அருகருகே வைத்து, எது எங்கிருந்து வந்தது என்பதை மறையாது சொல்வதே நேர்மையான பதிப்பாசிரியரின் கடமை. தம் விருப்பத்தை மூலமென்று காட்டுவது அவருக்குத் தகாது.

அடுத்த முறை அந்த இசை காற்றில் மிதந்து வரும்போது, ஏழாவது கட்டத்தில் சற்றே செவி சாய்த்துக் கேளுங்கள். அங்கே ஒலிப்பது ஈயா, டியா? வாசிக்கும் குழந்தைக்கு இந்த வழக்குத் தெரியாமலிருக்கலாம். ஆயினும், மறைந்துபோன ஒரு தாளின் கேள்விக்கு அதன் விரல் விடை சொல்லிக்கொண்டிருக்கிறது.