காது அடைப்பு: குடையவும் வேண்டாம், குறை சொல்லவும் வேண்டாம்

(தாம்பரம் வட்டாரக் குழுக்களின் கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வழக்கமா நம்ம கூட்டத்துல சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன், தவணைன்னு பேசுவோம். இன்னைக்குக் காதைப் பத்திப் பேசப் போறோம். "காதுல பேச என்னம்மா இருக்கு?"ன்னு சிரிக்காதீங்க. ஒரு காது அடைப்பால எங்க குழுவே உடையப் பார்த்தது. அந்தக் கதையை முதல்ல சொல்லிடறோம். தப்பு எங்க மேலயும் இருக்கு. அதனால மறைக்காம சொல்றோம்.

எங்கள் குழுவின் ஊக்குநர் அக்காவுக்கு வயது ஐம்பத்தெட்டு. குழு ஆரம்பித்த நாளிலிருந்து அவர்தான் தீர்மானப் புத்தகம் எழுதுகிறார். ஒரு ரூபாய் கணக்கு தவறியது இல்லை. அப்படிப்பட்டவர், ஒரு கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் உள்கடனாக எட்டாயிரம் கேட்டதைப் பத்தாயிரம் என்று எழுதிவிட்டார். அடுத்த மாதம் கூட்டத் தேதியை மாற்றிச் சொன்னோம். அவர் பழைய தேதிக்கே வந்து பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். தெருவில் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. "அக்காவுக்குத் தலைக்கனம் வந்துடுச்சு" என்றார்கள் சிலர். "வயசாயிடுச்சு, ஊக்குநரை மாத்திடுவோம்" என்றார்கள் சிலர். மாற்றுவதற்குத் தீர்மானம் எழுதவும் நாள் குறித்தாகிவிட்டது. நாங்களும் அதற்குத் தலையாட்டினோம்.

அதற்கு முந்தின வாரம் தாம்பரத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டைக் கடக்கும்போது பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டே வந்த பஸ் அவருக்குத் தெரியவே இல்லை. கூட வந்தவர் கையைப் பிடித்து இழுத்ததால் உயிர் தப்பினார். ஓரமாக உட்கார்ந்து அழுதுகொண்டே அப்போதுதான் வாயைத் திறந்தார்: "மூணு மாசமா ரெண்டு காதும் அடைச்ச மாதிரி இருக்குடி. கிணத்துக்குள்ள இருந்து கேக்கற மாதிரி கேக்குது. சொன்னா செவிடுன்னு பேர் வெச்சிடுவீங்கன்னு சொல்லல."

சகோதரிகளே, அது செவிடு இல்லை. வெறும் குறும்பி!

குறும்பி என்றால் என்ன?

குறும்பியை நாம் அழுக்கு என்று நினைக்கிறோம். அது அழுக்கு இல்லை. காதுக்குள் போகும் வழி சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளம். அதன் வெளிப்பக்கத்தில் உள்ள சின்னச் சின்னச் சுரப்பிகள்தான் இந்த மெழுகு போன்ற பொருளை உண்டாக்குகின்றன. தூசியையும் கிருமியையும் பிடித்து நிறுத்துவது அதன் வேலை. காதுத் தோல் வறண்டு போகாமலும் பார்த்துக்கொள்கிறது.

இது தானாகவே வெளியே வந்துவிடும். நகம் வளர்வது போலக் காதுக்குள் இருக்கும் தோல் உள்ளிருந்து வெளியே மெதுவாக நகர்கிறது. நாம் பேசும்போதும் மெல்லும்போதும் தாடை அசைவது அதற்கு உதவி செய்கிறது. குறும்பி காய்ந்து, உதிர்ந்து, நமக்குத் தெரியாமலே விழுந்துவிடும். ஆகவே பெரும்பாலான பேருக்குக் காதைச் சுத்தம் செய்ய வேண்டிய அவசியமே கிடையாது.

பிறகு ஏன் அடைக்கிறது? சிலருக்குக் காது வழி குறுகலாக இருக்கும். வயதானால் குறும்பி காய்ந்து கெட்டியாகிவிடும். காது மிஷின் போடுபவர்களுக்கு வெளியே வர வழி இருக்காது. எல்லாவற்றுக்கும் மேலே, நாம் குடைகிறோம் பாருங்கள், அதுதான் பெரிய காரணம். பட்ஸ் போட்டால் நுனியில் கொஞ்சம் மஞ்சளாக வரும். "ஆகா, சுத்தமாயிடுச்சு" என்று நினைப்போம். மீதியை உள்ளே தள்ளி இடித்து வைத்திருப்போம். துப்பாக்கியில் மருந்து கெட்டிப்பது போலத்தான் அது!

அந்தக் காலத்தில் பாட்டிமார் முள்வாங்கியோடு குறும்பிவாங்கியும் வைத்திருந்தார்கள். இப்போது அதற்குப் பதில் ஊக்கு, கொண்டை ஊசி, தீக்குச்சி, சாவி, கோழி இறகு. கையில் எது கிடைத்தாலும் காதுக்குள் போகிறது. காதுச் சவ்வு மிக மெல்லியது. பிள்ளை ஓடிவந்து கையை ஒரு இடி இடித்தால் போதும், கிழிந்துவிடும்.

இது நம் ஒருவர் பிரச்சினை அல்ல. காது கேளாமையைத் தடுக்க மத்திய அரசு 2006-07-ல் முதலில் 25 மாவட்டங்களில் ஒரு தேசியத் திட்டம் தொடங்கியது. அந்தத் திட்டத்தின் வழிகாட்டி ஏட்டில், நம் நாட்டில் காது கேட்கும் திறன் குறைவதற்கான காரணங்களில் குறும்பி அடைப்பைத்தான் முதலாவதாகச் சொல்கிறார்கள், 15.9 சதவீதம். முதுமை போன்ற காரணங்கள் அதற்கு அடுத்துத்தான், 10.3 சதவீதம். வயசாயிடுச்சு என்று நாம் ஒதுக்கி வைத்திருக்கும் எத்தனை பாட்டிகளுக்கு இந்தச் சின்ன அடைப்பு மட்டும் இருக்கிறதோ, யோசித்துப் பாருங்கள்.

அக்கா பட்ட பாடு

அக்கா சும்மா இருக்கவில்லை. முதலில் பட்ஸ் போட்டார். அடைப்பு கூடியது. பிறகு பூண்டு தட்டிப் போட்டு எண்ணெய் காய்ச்சி ஊற்றிக்கொண்டார். காதுத் தோல் வெந்து எரிந்தது. மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கி ஒரு நாள் விட்டார். குறும்பி ஊறிப் பெருத்ததால் கொஞ்சமாகக் கேட்டதும் நின்றுவிட்டது. பயந்துபோய் மருந்தைத் தூக்கிப் போட்டுவிட்டார். அடுத்து ஒரு கிளினிக்கில், ஊற வைக்காமலே சிரிஞ்சில் தண்ணீர் பீய்ச்சினார்கள். கட்டி அசையவில்லை. வலியும் தலைச்சுற்றலும்தான் மிச்சம். இருநூறு, முந்நூறு என்று காசும் போனது.

பஸ் சம்பவத்துக்குப் பிறகு நாங்கள் இரண்டு பேர் அவரோடு அரசு மருத்துவமனைக்குப் போனோம். டாக்டரம்மா கருவியில் வெளிச்சம் போட்டு இரண்டு காதையும் பார்த்தார். "சீழ் வந்திருக்கா? காதுல ஆபரேஷன் ஆயிருக்கா? சவ்வு ஓட்டைன்னு யாராவது சொல்லியிருக்காங்களா? சர்க்கரை இருக்கா?" என்று கேட்டார். எதுவும் இல்லை என்றோம். சோடா கிளிசரின் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். "அஞ்சு நாள் விடணும். முதல்ல அடைப்பு கூடுன மாதிரி இருக்கும், பயப்படாதீங்க. கல்லை ஊற வெச்சாத்தான் எடுக்க முடியும்" என்றார்.

ஆறாம் நாள் போனோம். உடம்புச் சூட்டுக்கு இருந்த தண்ணீரைக் காதுச் சுவரின் மேல்பக்கம் பார்த்துப் பீய்ச்சி, மீதியைச் சின்னக் கொக்கியால் எடுத்தார். மிளகை விடப் பெரிசாகக் கறுத்த கட்டி விழுந்தது. இன்னொரு காதுக்கு மேலும் மூன்று நாள் மருந்து விட வேண்டியிருந்தது. அதையும் பொறுமையாக விட்டு எடுத்தாச்சு. வெளியே வந்ததும் அக்கா சொன்ன முதல் வார்த்தை: "ஏன்டி எல்லாரும் இப்படிக் கத்துறீங்க?"

நாங்கள் சிரித்தோம். பிறகு தலை குனிந்தோம்.

எந்த மருந்து நல்லது?

எல்லாரும் கேட்கும் கேள்வி இது. பல நாட்டு ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் என்ற அமைப்பு 2018-ல் இதை அலசியது. ஒரு சொட்டு மருந்தைவிட இன்னொன்று சிறந்தது என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. சாதாரணத் தண்ணீர், உப்பு நீரை விட மருந்து மேல் என்றும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. ஆகவே விலை அதிகமான மருந்தைத் தேடி அலைய வேண்டாம். டாக்டர் சொன்னதை, சொன்ன நாள் வரை விடுவதுதான் முக்கியம்.

விடும் முறை: மருந்துப் புட்டியை உள்ளங்கையில் சிறிது நேரம் வைத்திருந்தால் குளிர்ச்சி போய்விடும். அடைத்த காது மேலே இருக்கும்படி ஒருக்களித்துப் படுங்கள். சொன்ன அளவு சொட்டு விடுங்கள். ஐந்து நிமிஷம் அப்படியே இருங்கள். பிறகு வழிவதைத் துணியால் ஒற்றி எடுங்கள். பஞ்சை உள்ளே திணிக்காதீர்கள். எரிந்தாலோ வலித்தாலோ நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

சிலருக்கு மருந்திலேயே கரைந்து வந்துவிடும். வராவிட்டால் மூன்று வழி உண்டு: தண்ணீர் பீய்ச்சுவது, கருவியால் எடுப்பது, மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுப்பது. தண்ணீர் ரொம்பக் குளிர்ந்தோ சூடாகவோ இருந்தால் தலை சுற்றும். சவ்வில் ஓட்டை இருப்பவர்கள், சீழ் வடிபவர்கள், காதில் ஆபரேஷன் ஆனவர்கள் தண்ணீர் பீய்ச்சிக்கொள்ளக் கூடாது. அவர்களுக்கு மற்ற வழிகள்தான். ஆகவே கேட்காவிட்டாலும் நாமே முந்திக்கொண்டு டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். எடுக்கும்போது வலித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காதீங்க, உடனே சொல்லுங்க.

காதில் மெழுகுவர்த்தி போல ஒன்றை வைத்துக் கொளுத்தி அழுக்கை உறிஞ்சுவதாகச் சொல்வார்கள். அது குறும்பியை எடுக்காது, காதைச் சுடும். தெருவில் காது குடைபவரிடமும் உட்கார வேண்டாம். ஆப்பசோடாவை வீட்டில் கரைத்து ஊற்றுவதும் வேண்டாம்.

காத்திருக்கக் கூடாத நேரம்

எல்லா அடைப்பும் குறும்பி இல்லை. ஒரு காது திடீரென்று, ஓரிரு நாளுக்குள் கேட்காமல் போனால் அது நரம்புக் கோளாறாக இருக்கலாம். மருந்து விட்டுக்கொண்டு காத்திருக்காமல் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். தாமதித்தால் கேட்கும் திறன் திரும்பாமலே போகலாம். சீழ், ரத்தம், கடும் வலி, தலைச்சுற்றல், முகம் ஒரு பக்கம் கோணுவது இருந்தாலும் அப்படியே. சர்க்கரை உள்ளவர்கள் இரட்டைக் கவனமாக இருங்கள். குடைந்து புண்ணானால் அது எலும்பு வரை பரவும் ஆபத்து உண்டு. குறும்பியை எடுத்த பிறகும் சரியாகக் கேட்கவில்லை என்றால் காது கேட்கும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

எங்கே போவது? முதலில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம். தேவைப்பட்டால் அவர்களே மேலே அனுப்புவார்கள். தாம்பரம் சானடோரியத்தில் 2025 ஆகஸ்டில் திறந்த அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. வண்டலூருக்கு அந்தப் பக்கம் உள்ளவர்களுக்குச் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறிப் பார்க் ஸ்டேஷனில் இறங்கினால் எதிரிலேயே ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை. அரசு மருத்துவமனையில் இதற்குக் காசு கேட்பதில்லை. காலையிலேயே போங்கள். தனியாக அனுப்பாதீர்கள். காது கேட்காதவருக்குப் பேர் கூப்பிடுவது எப்படிக் கேட்கும்?

நாம் செய்ய வேண்டியது

எங்கள் குழுவில் அந்தத் தீர்மானத்தை எழுதவில்லை. அதற்குப் பதில் வேறு ஒன்று எழுதினோம். எழுதியதும் அக்காதான். கடன் தொகையைச் சொன்னதும் எழுதியதை உரக்கப் படித்துக் காட்டி, கேட்டவர் "சரி" என்ற பிறகே கையெழுத்து. கூட்டத்துக்கு வராதவர், பேசாதவர் இருந்தால் அபராதம் போடுவதற்கு முன்னால் வீட்டுக்குப் போய் "உடம்புக்கு என்ன?" என்று கேட்பது. ஒவ்வொரு வருஷமும் மார்ச் 3 உலக செவித்திறன் நாளை ஒட்டி, வீட்டுப் பெரியவர்களைக் காது பார்க்க அழைத்துப் போவது.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போகும் தன்னார்வலர்களில் நம் குழுப் பெண்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் பார்க்கும்போது, "காது நல்லா கேக்குதாம்மா?" என்று ஒரு வார்த்தை சேர்த்துக் கேளுங்கள் தாயிகளே.

வீட்டுக்குப் போனதும் முதல் வேலை, பட்ஸ் டப்பாவை எடுத்து ஒதுக்கி வையுங்கள். இரண்டாவது வேலை, டி.வி. சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு திட்டு வாங்கும் அந்த மாமியாரையோ அம்மாவையோ பக்கத்தில் போய் உட்கார்ந்து கேளுங்கள். அவங்க சொல்லாம இருக்கறது வெட்கத்தால. நாம கேக்காம இருந்தா அதுக்கு என்ன பேர்?