யார் சொல்லி வந்தீங்க?

(தென்காசியில் நடந்த வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில், கட்டடப் பொறியியல் மாணவர்கள், கொத்தனார்கள், சித்தாள்கள் மத்தியில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

இந்த சீசனில் குற்றாலத்தில் ஒரு விடுதியில் நடந்த கூட்டத்துக்குப் போயிருந்தேன். கட்டுமானத் தொழிலில் இருப்பவர்களுக்கான 'நெட்வொர்க்கிங்' கூட்டம். என் முனைவர் பட்ட ஆய்வே கட்டடத் தொழிலும் சாதியும் பற்றியது என்பதால் கட்டணம் கட்டி உள்ளே உட்கார்ந்தேன். வெளியே சாரல், உள்ளே ஏசி. பில்டர்கள், இன்ஜினியர்கள், டைல்ஸ் கடைக்காரர்கள், கிரஷர் முதலாளிகள் எல்லோரும் இருந்தார்கள். பேச வந்த பயிற்சியாளர், தொழிலில் தொடர்புகள்தான் முதல் என்றார். பத்துப் பேரைத் தெரிந்திருந்தால் பத்து வேலை தேடி வரும் என்றார்.

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஏனென்றால் அந்தத் தொடர்பு இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை நான் வீட்டிலேயே பார்த்து வளர்ந்தவன்.

என் அப்பா முப்பது வருடம் கொத்தனார். மேலகரத்திலும் இலஞ்சியிலும் அவர் கை படாத தெரு குறைவு. குற்றாலத்தில் நீங்கள் குளிக்க வந்து தங்கும் காட்டேஜ்களில் சிலவற்றுக்குத் தூக்குக்குண்டு பிடித்தவர். நான் பள்ளியில் படிக்கும்போது ஒருமுறை, வீடு கட்ட நினைத்த ஒருவர், "நீயே மெட்டீரியலோட சேத்து முழுசா எடுத்துச் செய்" என்று அப்பாவிடம் சொன்னார். அதுவரை அப்பா செய்ததெல்லாம் கூலி வேலை, மிஞ்சினால் லேபர் காண்ட்ராக்ட். அன்று இரவு அப்பா தூங்கவில்லை. நோட்டில் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தார்.

மறுநாள் சிமெண்ட், கம்பி கடனுக்குக் கேட்டு ஒரு கடைக்குப் போனார். கடைக்காரர் கேட்டது ஒரே கேள்விதான்: "யார் சொல்லி வந்தீங்க?"

அப்பாவுக்குச் சொல்ல ஒரு பெயர் இல்லை. இத்தனைக்கும் அதே கடையிலிருந்து எத்தனையோ காண்ட்ராக்டர்களுக்காக மூட்டை இறக்கியவர் அவர். அங்கே அவர் முகம் தெரியும், கை தெரியும். கடன் கொடுக்க அது போதவில்லை. ரொக்கம் கட்ட வழியில்லாமல் அந்த வேலை கையைவிட்டுப் போனது. படிப்பு முடித்து இரண்டு வருடம்கூட ஆகாத ஓர் இளைஞர் அதை எடுத்தார். அவருடைய மாமா ஒரு போன் போட்டார், கடையிலிருந்து லோடு இறங்கியது. அந்த வீட்டுக்கும் கொத்தனார் என் அப்பாதான். நாள் கூலிக்கு.

அந்த இளைஞர் கெட்டவர் இல்லை. சனிக்கிழமை தவறாமல் சம்பளம் போட்டார். அதனால்தான் இதைத் தனிமனித குணமாகப் பார்க்க எனக்கு முடியவில்லை.

இந்தத் தொழில் ஓடுவதே கடனில்தான். அஸ்திவாரம் தோண்டும்போது வீட்டுக்காரர் கொடுக்கும் முன்பணம் பெல்ட் மட்டத்தோடு தீர்ந்துவிடும். அடுத்த தவணை வரும்வரை ஜல்லி, எம் சாண்ட், கம்பி, சென்ட்ரிங் தகடு எல்லாம் யாரோ ஒருவர் நம்பிக் கொடுத்தால்தான் கூரை ஏறும். பத்திரம் எழுதாத அந்த நம்பிக்கையைத்தான் அந்தக் கூட்டத்தில் நெட்வொர்க்கிங் என்றார்கள். எந்தத் தெருவில் யார் மனை வாங்கியிருக்கிறார், எந்த அலுவலகத்தில் டெண்டர் வரப்போகிறது என்ற செய்தியும் அதில்தான் வரும். பில் பாஸாகாமல் ஆறு மாதம் இழுத்தால் தாங்கிப் பிடிப்பதும் அதுதான். நம் ஊரில் அந்த நம்பிக்கை கல்யாண வீட்டுப் பந்தியில், கோயில் கொடை வரிக்குள், சங்கக் கட்டட மாடியில் உருவாகிறது. நமக்கு அந்தப் பந்தியில் இலை போடுவதில்லை.

அமெரிக்க சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் எழுதிய கட்டுரை ஒன்று இந்தத் துறையில் புகழ்பெற்றது. நெருங்கிய சொந்தங்களைவிட, அரைகுறையாகத் தெரிந்தவர்கள் வழியாகத்தான் புதிய வாய்ப்புகள் வருகின்றன என்பது அவர் வாதம். சொந்தக்காரருக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்திருக்கும், அறிமுகக்காரர்தான் வேறு உலகத்துச் செய்தியைக் கொண்டுவருவார். படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. காலனிக்குள் எல்லோரையும் எனக்குத் தெரியும். ஊருக்குள் என்னைத் தெரிந்தவர்களுக்கு நான் 'கொத்தனார் மகன்'. இரண்டுக்கும் நடுவே அரைகுறை அறிமுகம் என்ற ஒன்று வளர ஒரு டீக்கடை பெஞ்சாவது பொதுவாக இருந்திருக்க வேண்டும்.

குற்றாலம் கூட்டத்திலும் டீ இடைவேளை வந்தது. ஒருவர் கார்டு கொடுத்துவிட்டுக் கேட்டார்: "தம்பிக்கு எந்த ஊரு?" சொன்னேன். "ஊர்ல எந்தப் பக்கம்?" அதையும் சொன்னேன். சிரித்தபடிதான் இருந்தார். என் போன் நம்பரை மட்டும் கேட்கவில்லை.

இது நேற்று தொடங்கிய கதை இல்லை. 1942 அக்டோபரில் பட்டியல் சாதியினரின் குறைகளைத் தொகுத்து அண்ணல் அம்பேத்கர் வைஸ்ராய் லின்லித்கோவிடம் ஒரு மனு கொடுத்தார். வேலை, கல்வி ஆகியவற்றோடு அரசு ஒப்பந்தங்களையும் அதில் எழுதினார். மத்தியப் பொதுப்பணித் துறையின் பட்டியலில் இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஒப்பந்ததாரர்களில் பட்டியல் சாதியினர் ஒரே ஒருவர்தான் என்று சுட்டிக்காட்டினார். வேலைவாய்ப்பு இடஒதுக்கீட்டை நாம் நினைவில் வைத்துக்கொண்டோம். காண்ட்ராக்டைப் பற்றி அவர் கேட்டதை மறந்துவிட்டோம்.

கர்நாடகம் மறக்கவில்லை. அங்கே கொள்முதல் சட்டத்தைத் திருத்தி, 2017 முதல் 50 லட்சம் ரூபாய் வரையிலான அரசு கட்டுமானப் பணிகளில் பட்டியல் சாதியினருக்கு 17.15 சதவீதமும் பழங்குடியினருக்கு 6.95 சதவீதமும் ஒதுக்கினார்கள். பிறகு அந்த வரம்பு ஒரு கோடியானது. சமூகநீதி மண் என்று நாம் பெருமை பேசும் தமிழ்நாட்டில் 1998-ஆம் ஆண்டின் டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் இருக்கிறது. டெண்டரைத் திறப்பது வெளிப்படையாக நடக்கலாம். ஒப்பந்ததாரராகப் பதிவு செய்யவே சொத்து மதிப்புச் சான்று வேண்டும், முன் அனுபவம் வேண்டும். அப்பாவின் முப்பது வருட அனுபவம் எந்தக் காகிதத்தில் இருக்கிறது? அவர் கட்டிய வீடுகளெல்லாம் வேறு யாருடைய அனுபவமாகவோ பதிவாகியிருக்கின்றன.

2023-இல் தமிழக அரசு அறிவித்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீதம் மூலதன மானியம் உண்டு. நல்ல திட்டம், இங்கே இருக்கும் தம்பிமார் விண்ணப்பியுங்கள். மானியத்தில் மிக்சர் மெஷின் வாங்கலாம். கடைக்காரரின் அந்தக் கேள்விக்கு மெஷின் பதில் சொல்லாது.

சரி, நாமும் நமக்கென்று ஒரு வலையைக் கட்டலாமே என்று சிலர் கேட்கிறீர்கள். நம் பக்கத்திலேயே அதற்கு முன்மாதிரி உண்டு. கோயிலுக்குள் நுழைய முடியாமல் ஒதுக்கப்பட்ட நாடார்கள் உறவின்முறை அமைத்து, மகமை வசூலித்து, பேட்டை கட்டி, 1921-இல் தூத்துக்குடியில் நாடார் வங்கியையே தொடங்கினார்கள். பின்னாளில் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி ஆனது அதுதான். அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அவர்களிடம் கைமாற்ற ஒரு சரக்கு இருந்தது, அந்தச் சரக்கில் மகமை பிடிக்க முடிந்தது. நம்மிடம் இருப்பது உழைப்பு. தினக்கூலியில் எவ்வளவு மகமை பிடிப்பது? இன்னொன்றும் இருக்கிறது. சாதியால் கட்டிய வலை மேலே ஏறியதும் கதவை உள்ளிருந்து சாத்திக்கொள்ளும். இதை எல்லாச் சாதிச் சங்கங்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன், நாளை நாம் தொடங்கினால் நமக்கும்.

எனக்குப் பிடித்த முன்மாதிரி புளியரைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் இருக்கிறது. நம் ஊர்க் கொத்தனார்கள் புனலூருக்கும் கொட்டாரக்கரைக்கும் வேலைக்குப் போகிறார்கள் அல்லவா, அதையும் தாண்டி வடக்கே வடகரைக்குப் பக்கத்தில் ஊராளுங்கல். அங்கே சாதியை எதிர்த்துப் பேசிய வாக்படானந்தரின் பின்னால் போன தொழிலாளிகளுக்கு, மேல்சாதி நிலவுடைமையாளர்கள் வேலை தர மறுத்தார்கள். மறுக்கப்பட்டவர்கள் பதினான்கு பேர் சேர்ந்து 1925-இல் ஒரு கூலித் தொழிலாளர் சங்கம் அமைத்தார்கள். கையிருப்பு ஆறணா. இன்று ஊராளுங்கல் தொழிலாளர் ஒப்பந்தக் கூட்டுறவுச் சங்கம் பாலமும் நெடுஞ்சாலையும் கட்டுகிறது, ஆயிரக்கணக்கானோர் அதில் வேலை செய்கிறார்கள். வேலை செய்பவர்தான் உறுப்பினர், உறுப்பினர்கள்தான் முதலாளி. தொழிலாளர் ஒப்பந்தச் சங்கங்களுக்கு டெண்டரில் கேரள அரசு முன்னுரிமை கொடுத்ததும் அதன் வளர்ச்சிக்குக் காரணம். குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. வெளிமாநிலத் தொழிலாளர்கள் அங்கேயும் உறுப்பினராகாமல் வேலை செய்கிறார்கள்.

ஆனால் அந்தப் பதினான்கு பேரிடம் "யார் சொல்லி வந்தீங்க" என்று கேட்டிருந்தால், சொல்ல ஒரு சங்கத்தின் பெயர் இருந்தது. அனுபவச் சான்று அந்தச் சங்கத்தின் பெயரில் சேர்ந்தது. கடனுக்கு ஒருவர் மாமா ஜாமீன் நிற்க வேண்டியிருக்கவில்லை.

இந்த அறையில் இப்போது நான் எண்ணிப் பார்த்தேன். சிவில் முடித்தவர்கள் ஏழு பேர். அதில் மூன்று பேர் வேலையில்லாமல் இருக்கிறீர்கள். கொத்தனார்கள் பதினொரு பேர், சென்ட்ரிங் வேலை தெரிந்தவர்கள் நான்கு பேர். எஸ்டிமேட் போடத் தெரிந்தவரும் சுவர் வைக்கத் தெரிந்தவரும் ஒரே தெருவில் இருந்துகொண்டு, இரண்டு வெவ்வேறு காண்ட்ராக்டர்களிடம் கூலிக்குப் போகிறோம். முதல் வேலை பெரிதாக இருக்க வேண்டியதில்லை. ஒரு காம்பவுண்டு சுவர், ஒரு கழிப்பறைக் கட்டடம் போதும். ஊராட்சிகளில் அப்படிப்பட்ட வேலைகள் வருகின்றன. தனித்தொகுதி ஊராட்சிகளில்கூட தலைவர் நம்மவராக இருக்கிறார், காண்ட்ராக்டர் வேறொருவராக இருக்கிறார். அங்கிருந்து கேட்கத் தொடங்கலாம். கூட்டுறவுச் சங்கப் பதிவுக்கான விண்ணப்பத்தைக் கொண்டுவந்திருக்கிறேன், கூட்டம் முடிந்ததும் சேர்ந்து உட்கார்ந்து படிக்கலாம்.

பேச்சை நிறுத்திக்கொள்கிறேன். பின்வரிசையில் ஓர் அக்கா ரொம்ப நேரமாகக் கை தூக்கிக்கொண்டிருக்கிறார். இருபது வருடமாகச் சித்தாள் வேலை செய்கிறேன் என்று கூட்டத்துக்கு முன்பு என்னிடம் சொன்னார். என் அப்பாவாவது கையாளாகச் சேர்ந்து கொத்தனார் ஆனவர். இவர் கையில் இன்றுவரை யாரும் கரண்டியைக் கொடுக்கவில்லை. நான் எண்ணிய கணக்கிலும் சித்தாள்களை விட்டுவிட்டேன் என்பது இப்போதுதான் உறைக்கிறது. முதல் கேள்வியை அவரே கேட்கட்டும்.