ஆகாயத்திலும் 'முடியாது' என்று சொல்லும் உரிமை வேண்டும்

(ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

விமானம் ஓட்டுகிறவனைப் பற்றி இந்தக் கூட்டத்தில் என்ன பேச்சு என்று சிலர் கேட்கலாம். நம்மில் பலர் விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி. வெள்ளைச் சட்டை, தோளில் தங்கப் பட்டை, பெரிய சம்பளம் — அவன் எங்கே, ஆலையில் இழை முடிகிற நாம் எங்கே, சேற்றில் நாற்று நடுகிற நாம் எங்கே என்றுதான் தோன்றும். சட்டையைப் பார்த்தால் அப்படித்தான். வேலையைப் பார்த்தால் விஷயம் வேறு. மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள நைஜீரியாவின் விமானிகளைக் கொண்டு அதைப் பார்ப்போம்.

நைஜீரியா 1960 அக்டோபர் 1-ம் தேதி பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்து விடுதலை பெற்றது. சொந்த நாட்டுப் பிள்ளைகள் விமானம் ஓட்ட வேண்டும் என்று 1964-ல் ஸாரியா நகரில் பயிற்சிப் பள்ளி ஏற்பட்டது. சின்யேரே கலு என்ற பெண்மணி 1981-ல் லைசென்ஸ் பெற்று, அந்நாட்டின் முதல் பெண் விமானி ஆனார். பின்னாளில் அந்தப் பள்ளிக்கே தலைவராகவும் வந்தார். அடிமைப்பட்டுக் கிடந்த நாட்டுக்கு இது சாமானியமான வெற்றியல்ல.

ஆனால் லைசென்ஸ் கிடைத்ததோடு கவலை தீர்ந்ததா? இல்லை. குறித்த காலத்துக்கு ஒருமுறை டாக்டர் பரிசோதனை. அதில் தேறாவிட்டால் பிழைப்பு போயிற்று. அடிக்கடி ஓட்டும் பரீட்சை. ஒரு ரக விமானம் ஓட்டத் தெரிந்தவன் வேறு ரகம் ஓட்டத் தனிப் பயிற்சி பெற வேண்டும். நவம்பரிலிருந்து மார்ச் வரை சகாராப் பாலைவனத்திலிருந்து 'ஹர்மாட்டான்' என்ற புழுதிக் காற்று வீசும். ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாது. விமானம் தாமதமானால் பயணிகள் சீறுவது சம்பளக்காரர்களிடம்தான். முதலாளி அங்கே நிற்பதில்லை.

வேலைக்காவது உறுதி உண்டா? 'நைஜீரியா ஏர்வேஸ்' என்ற சர்க்கார் கம்பெனியிடம் ஒரு காலத்தில் ஏறத்தாழ 30 விமானங்கள் இருந்தன. ஊழலாலும் சீர்கெட்ட நிர்வாகத்தாலும் கடனில் மூழ்கி 2003-ல் அது மூடப்பட்டது. விமானி, மெக்கானிக், சுமை தூக்குகிறவர் எல்லோரும் ஒன்றாகத் தெருவில் நின்றார்கள். அவர்களுக்குச் சேர வேண்டிய பணத்தில் பாக்கி இருந்ததன் ஒரு பகுதியை சர்க்கார் கொடுத்தது 2018-ல்! 15 ஆண்டுகள்! காத்திருந்தே கண் மூடியவர்கள் பலர். தோளில் பட்டை இருந்து என்ன பயன்?

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். 2005 டிசம்பர் 10-ம் தேதி போர்ட் ஹார்கோர்ட் நகரில் மோசமான வானிலையில் இறங்கிய விமானம் நொறுங்கியது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் 60 பேர் ஒரே பள்ளியின் மாணவர்கள். ஓடுபாதை தெரியாத நிலையிலும் மேலே எழும்பாமல் தொடர்ந்து இறங்கியது விசாரணையில் தெரிந்தது. 2012 ஜூன் 3-ம் தேதி லாகோஸ் நகரின் குடியிருப்பில் மற்றொரு விமானம் விழுந்தது. விமானத்தில் இருந்த 153 பேரும், தரையில் இருந்த 6 பேரும் மாண்டனர். தலைமை விமானி அமெரிக்கர். துணை விமானி நம் இந்தியர். ஒரு என்ஜின் கெட்டது தெரிந்தும் அருகிலுள்ள விமான நிலையத்தில் இறக்காமல் போனதை விசாரணை அறிக்கை குற்றமாகக் கூறியது.

மாண்டவர்களைத் தூற்ற இதைச் சொல்லவில்லை. 'இனிப் போக முடியாது, திருப்பு' என்ற ஒரு முடிவுக்கு எத்தனை உயிர்களின் கனம் இருக்கிறது என்று காட்டவே சொல்கிறோம். காவல் தகடு கழன்ற மிஷினை ஓட்டு என்று மேஸ்திரி சொன்னால், 'முடியாது' என்று சொல்ல நமக்கு எது தைரியம் தருகிறது? பக்கத்தில் நிற்கிற தோழன். அவன் பின்னால் நிற்கிற சங்கம். நாளை வேலை இருக்குமோ என்று நடுங்குகிறவன் வாய் திறக்க மாட்டான். ஆலையில் அவன் கை போகும். ஆகாயத்தில் நூறு குடும்பம் போகும்.

அங்கேயும் விமானிகளுக்கும் இன்ஜினியர்களுக்கும் சங்கம் உண்டு. 2016 டிசம்பரில் பெரிய கம்பெனி ஒன்றில் சம்பள பாக்கி கேட்டு மற்றத் தொழிலாளர் சங்கங்களோடு சேர்ந்து வேலையை நிறுத்தினார்கள். 2017 பிப்ரவரியில் கடன்பட்ட அந்தக் கம்பெனியின் நிர்வாகத்தை சர்க்கார் நிறுவனம் ஏற்றுக்கொண்டது. 2020-ல் கொரோனா வந்தது. ஒரு தனியார் கம்பெனி 70-க்கு மேற்பட்ட விமானிகளை வீட்டுக்கு அனுப்பியது. 2022-ல் வந்த சட்டமோ விமானத் துறையை அத்தியாவசிய சேவை என்று அறிவித்து, வேலைநிறுத்தத்தைத் தடை செய்ய மந்திரிக்கு அதிகாரம் கொடுத்தது. சங்கங்கள் எதிர்த்துக் குரல் கொடுத்தன.

சேவை அத்தியாவசியமாம்! அதைச் செய்கிறவனின் சம்பளம் அத்தியாவசியம் இல்லையா? அவன் எச்சரிக்கை அத்தியாவசியம் இல்லையா?

தோழர்களே! அவன் சம்பளம் வேறு, நம் கூலி வேறு. அதை மறைக்க வேண்டாம். ஆனால் 'முடியாது' என்று சொல்லும் உரிமை அவனுக்கும் நமக்கும் ஒன்றுதான். அடுத்த முறை தலைக்கு மேல் விமானம் போகும்போது அண்ணாந்து பாருங்கள். அங்கே உட்கார்ந்திருப்பவனும் சம்பளத்துக்கு உழைப்பவன். அவனுக்கும் சங்கம் வேண்டும்; நமக்கும் வேண்டும்.