மாடி அறையும் கீழ் அறையும்



கல்லூரியிலே பிள்ளைகளுக்கு வழி காட்ட இரண்டு அறை வேண்டுமா, ஒரே அறை போதுமா? இதுதான் தலைப்பு. நான் ஒரே அறைக் கட்சி. வாடகை மிச்சம்னு நினைச்சுடாதீங்க. (சிரிப்பு)

அந்த இரண்டு அறை எது எதுன்னு வீட்ல இருக்கிறவங்களுக்குச் சொல்லிடறேன். மாடியிலே ஒரு அறை. அங்கே டியூட்டர் இருப்பார். வகுப்புக்குப் பொறுப்பான ஆசிரியர். என்ன பாடம் எடுக்கணும், எதுல அரியர் இருக்கு, இதெல்லாம் அவர் பொறுப்பு. கீழே ஒரு அறை. வாசல்ல 'பிளேஸ்மென்ட் செல்'னு போர்டு. வேலை வாய்ப்பு அவங்க பொறுப்பு. மாடிக்கும் கீழுக்கும் நடுவுல இருபது படிதான். ஆனா ஒரு பையன் அந்த இருபது படி இறங்கி வர மூணு வருஷம் ஆகுது, ஐயா! (கைதட்டல்)

மாடி அறையிலே கேட்கிற கேள்வி ரெண்டே ரெண்டு. "அட்டெண்டன்ஸ் எவ்வளவு?" 75 சதவீதம் இல்லேன்னா அடுத்த கேள்வி: "அப்பாவை எப்பக் கூட்டிட்டு வர்றே?" (சிரிப்பு) அந்த அப்பா ஒரு நாள் கூலியை விட்டுட்டு, சலவைச் சட்டை போட்டுக்கிட்டு வந்து நிற்பார். "உங்க பையன் சரியா வர்றதில்லை" என்பார் டியூட்டர். "இனிமே வருவான் சார்" என்பார் அப்பா. ஆலோசனை முடிஞ்சது! இந்தப் படிப்பைப் படிச்சா இவன் எங்கே போய் நிற்பான்னு அந்த அப்பாவும் கேட்கலை, ஆசிரியரும் சொல்லலை.

கீழ் அறைக்கு வாங்க. அது பெரும்பாலும் கடைசி வருஷத்துலதான் திறக்கும். பல ஐ.டி. கம்பெனிகள் பத்தாவதுல 60, பன்னிரண்டாவதுல 60, டிகிரியில 60 சதவீதம் கேட்பாங்க. நிலுவையிலே அரியர் இருக்கக் கூடாது. இதை எப்பச் சொல்றாங்க? முதல் வருஷத்து அரியரைத் தோள்ல தூக்கிக்கிட்டு அந்தப் பையன் இறுதி ஆண்டுல வந்து நிற்கும்போது! மாடியில இருக்கிறவருக்கு அரியர் தெரியும், கம்பெனி தெரியாது. கீழே இருக்கிறவருக்குக் கம்பெனி தெரியும், இவனைத் தெரியாது.

எதிரணி அம்மா சொன்னாங்க, "அதான் ரெண்டு பேரும் இருக்காங்களே, கேட்டுக்க வேண்டியதுதானே?"ன்னு. அம்மா, கேட்கத் தெரிஞ்ச பிள்ளைக்கு அறையே வேண்டாமே! அவங்க வீட்ல மாமா, சித்தப்பா யாராவது படிச்சவங்க இருப்பாங்க, சொல்லிடுவாங்க. வீட்டுக்கே முதல் பட்டதாரியா வர்ற பிள்ளைக்கு என்ன கேட்கணும்னே தெரியாதே. (கைதட்டல்)

எங்க தெருவிலே ஒரு பொண்ணு. பி.எஸ்ஸி. கணிதம். கெட்டிக்காரி. முதல் வருஷம் துணைப் பாடம் எடுக்கணும். இயற்பியலா, புள்ளியியலா? புள்ளியியல் எடுத்தா வகுப்பு முடிய மாலை ஆயிடும், ஊருக்குப் போற டவுன் பஸ் போயிடும். அதனால இயற்பியல். பாருங்க, அந்தப் பொண்ணு என்ன படிக்கணும்னு டவுன் பஸ் கண்டக்டர் முடிவு பண்ணியிருக்கார்! (சிரிப்பு) சிரிச்சிட்டோம். மூணு வருஷம் கழிச்சு அந்தப் பொண்ணு யு.பி.எஸ்.சி. நடத்துற இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வு விளம்பரத்தை வெட்டி எடுத்துக்கிட்டு என்கிட்ட வந்தது. பட்டப் படிப்பில் புள்ளியியலை ஒரு பாடமாகப் படித்திருக்க வேண்டும், இல்லையேல் முதுநிலையில் அதைப் படித்திருக்க வேண்டும்னு போட்டிருக்கு. விண்ணப்பமே போட முடியாது. முதல் வருஷம் கையெழுத்துப் போட்ட அந்தப் பாரத்திலே, பக்கத்துல ஒருத்தர் உட்கார்ந்து "இந்தப் பாடம் எடுத்தா இந்தக் கதவு திறக்கும்மா, பஸ்ஸுக்கு வேற வழி பார்ப்போம்"னு சொல்லியிருந்தா? சொல்ல ஆளில்லை. இயற்பியல்ல நல்ல மார்க்தான். அந்த மார்க் ஷீட்டைப் பார்த்து டியூட்டர் பாராட்டினாராம்.

இன்னொண்ணு. பி.காம். படிக்கிற பிள்ளைகள். வணிகவியல் பட்டத்தில் 55 சதவீதம் இருந்தா, சி.ஏ. படிப்பிலே ஃபவுண்டேஷன் தேர்வு எழுதாம நேரா இன்டர்மீடியட்டுக்குப் போகலாம். ஆனா மாடி அறையிலே 54-ம் பாஸ், 56-ம் பாஸ். அவருக்கு ரெண்டும் ஒண்ணு. அந்த ஒரு மார்க்குக்குப் பின்னால ஒரு வாசல் இருக்குன்னு தெரிஞ்சா, பையன் அஞ்சாவது செமஸ்டர்ல கொஞ்சம் மூச்சைப் பிடிச்சுப் படிக்க மாட்டானா?

பட்டத்தின் பேரே வில்லங்கமாகிற கதையும் உண்டு. புதுசு புதுசா, கேட்கவே அழகா இருக்கிற பேர்ல படிப்பு ஆரம்பிக்கிறாங்க. படிச்சு முடிச்சு அரசு வேலைக்குப் போனா, "இந்தப் பட்டம் அந்தப் பட்டத்துக்குச் சமமில்லை"ன்னு அரசாணை வந்திருக்கு. சேரும்போது அதை எடுத்துக் காட்ட வேண்டியது யாரு? மாடிக்காரர், "அது வேலை சம்பந்தப்பட்டது, கீழே கேளு"ம்பார். கீழ்க்காரர், "அது படிப்பு சம்பந்தப்பட்டது, மாடியிலே கேளு"ம்பார். பையன் படியிலேயே குடியிருக்க வேண்டியதுதான்! (சிரிப்பு, கைதட்டல்)

அமெரிக்காவுல பாஸ்டன் நகரத்திலே 1908-ஆம் ஆண்டு ஃப்ராங்க் பார்சன்ஸ்னு ஒருத்தர், இளைஞர்களுக்குத் தொழில் வழி காட்ட ஒரு நிலையம் தொடங்கினார். அந்த வருஷமே இறந்தும் போனார். அவர் எழுதின புத்தகம் மறு வருஷம்தான் வந்தது. அவர் சொன்னது மூணு விஷயம். முதல்ல உன்னை நீ தெரிஞ்சுக்கணும். ரெண்டாவது, வேலைகளைப் பற்றித் தெரிஞ்சுக்கணும். மூணாவது, ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பொருத்திப் பார்க்கணும். நம்ம கல்லூரியிலே முதலாவதுக்கு மாடியில ஆள் இருக்கு. ரெண்டாவதுக்குக் கீழே ஆள் இருக்கு. மூணாவதுக்கு ஆளே கிடையாது, ஐயா! (பலத்த கைதட்டல்)

எதிரணி அம்மா ஒண்ணு சொன்னாங்க. அதுலே நியாயம் இருக்கு, நான் ஒளிக்க விரும்பலை. "ஆசிரியர் அறைக்குள்ளே வேலைப் பேச்சு வந்துட்டா, தமிழும் வரலாறும் படிக்க ஆள் வராது. கல்லூரி, புரோக்கர் ஆபீஸ் ஆயிடும்"னாங்க. அந்தப் பயம் எனக்கும் உண்டு. ஆனா யோசிச்சுப் பாருங்க. வேலையைப் பற்றி யாரும் பேசாம இருக்கிறதாலேதான் "தமிழ் படிச்சா சோறு கிடைக்காது"ன்னு பக்கத்து வீட்டுக்காரர் பேசறார்!

2020 அக்டோபர்ல என்ன நடந்தது? மத்தியத் தொல்லியல் துறையோட கல்வி நிலையம், கிரேட்டர் நொய்டாவிலே இருக்கு. இரண்டாண்டு முதுநிலைப் பட்டயப் படிப்புக்கு அறிவிப்பு விட்டாங்க. சமஸ்கிருதம், பாலி, பிராகிருதம், அரபி, பாரசீகம் படிச்சவங்க விண்ணப்பிக்கலாம். தமிழ் இல்லை! தமிழ்நாடே கொதிச்சுது. அப்புறம் தமிழையும் சேர்த்துத் திருத்தி வெளியிட்டாங்க. சந்தோஷம். நான் கேட்கிறேன், நம்ம எம்.ஏ. தமிழ் மாணவர்களிலே எத்தனை பேருக்கு அந்த அறிவிப்புக்கு முந்தின நாள் வரைக்கும் அப்படியொரு படிப்பு இருக்கிறதே தெரியும்? கல்வெட்டுப் பாடம் நடத்துற ஆசிரியர் பக்கத்துல, அந்த விண்ணப்பத்தைக் கையில வச்சுக்கிட்டு ஒருத்தர் உட்கார்ந்திருந்தா தமிழ் வகுப்பு காலியாகுமா, நிறையுமா? (கைதட்டல்)

"ஆசிரியருக்கு வேலைச் சந்தை தெரியாதே"ங்கறது அவங்களோட அடுத்த கேள்வி. தெரிய வேண்டாம். அவர் பாடம் நடத்தட்டும். மாணவனைத் தெரிஞ்சவரும் சந்தையைத் தெரிஞ்சவரும் ஒரே மேஜையிலே, ஒரே கோப்பைத் திறந்து வச்சு உட்காரட்டும்னுதான் கேட்கிறோம். 2022 மார்ச் 1-ஆம் தேதி தமிழக அரசு 'நான் முதல்வன்' திட்டத்தைத் தொடங்கிச்சு. திறன் பயிற்சி கல்லூரிப் பாடத்துக்குள்ளேயே வந்துடுச்சு. பாடமும் வேலையும் ஒரே கால அட்டவணையிலே சேர்ந்தாச்சு. ஆலோசனை சொல்றவங்க மட்டும் இன்னும் ரெண்டு மாடியிலே உட்கார்ந்திருந்தா எப்படி?

செலவு பெரிசா ஒண்ணுமில்லை. முதல் செமஸ்டர்ல, துணைப் பாடம் தேர்ந்தெடுக்கிற பாரம் கொடுக்கிற அந்த வாரம், ஒரு பிள்ளைக்குக் கால் மணி நேரம். அப்புறம் செமஸ்டருக்கு ஒரு தடவை. பேச வேண்டியதைப் பேசிட்டு, கோப்பிலே ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். அப்பாவையும் அன்னிக்குக் கூப்பிடுங்க. அட்டெண்டன்ஸுக்காகக் கூலியை விட்டுட்டு வர்றவர் இதுக்கு வர மாட்டாரா?

நடுவர் ஐயா மணியைக் கையிலே எடுத்துட்டார். கீழே இருக்கிற அந்த நாற்காலியை மாடிக்குத் தூக்க உத்தரவு கொடுங்க. எங்க அணியில ரெண்டு பேர் தூக்கத் தயாரா இருக்கோம். (சிரிப்பு) 

(நீண்ட கைதட்டல்)