பழைய சட்டகமும் வேற்று எஞ்சினும்

கண்டி மாநகரம் குன்றுகளுக்கு நடுவே அமைந்த நகரம். ஹந்தானைக்குச் செல்பவரும் கலகாவுக்குச் செல்பவரும் ஏற்றத்தையும் இறக்கத்தையும் மாறி மாறிக் கடந்தே தீரவேண்டும். சமவெளியில் நெடுங்காலம் உழைக்கும் மோட்டார் சைக்கிள் இம்மலைப்பாதைகளில் விரைவில் களைத்துப்போவது வியப்பன்று. களைத்த எஞ்சினை அகற்றிவிட்டு, வேறோர் ஆண்டில் செய்யப்பட்ட வண்டியின் எஞ்சினைப் பொருத்தலாமா என்பது இங்குள்ள கராஜ்களில் அடிக்கடி எழும் கேள்வி. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025ஆம் ஆண்டின் தொடக்கம் வரை தனியார் வாகனங்களுக்கு வழி அடைபட்டிருந்த காலத்தில் அக்கேள்வி மேலும் வலுப்பெற்றது.

இதற்கு ஹொண்டா நிறுவனத்தின் ‘ஸுப்பர் கப்’ குடும்பத்தைக் காட்டிலும் பொருத்தமான உதாரணம் இல்லை. 1958இல் தோன்றிய அவ்வண்டியின் உற்பத்தி 2017இல் பத்துக் கோடியை எட்டியது. அதன் எஞ்சின் ஏறக்குறையப் படுத்த நிலையில், சட்டகத்தில் இரண்டே போல்ற்றுகளால் தொங்குகிறது. பிற்காலத்து ஸி-50, ஸி-70, ஸி-90 எஞ்சின்கள் பலவற்றுக்கு அந்த இரண்டு துளைகளும் ஒரே இடத்தில் அமைந்துள்ளன.

கட்டுகஸ்தோட்டையில் காய்கறி விற்கும் ஒருவர், பழுதுற்ற பழைய ஸி-70 வண்டியைக் கராஜுக்குத் தள்ளிவருகிறார் என்று வைத்துக்கொள்வோம். “இரண்டு போல்ற்தானே, தம்பி! பின்னே வந்த தொண்ணூறு எஞ்சின் ஒன்று இருக்கிறது, மாலைக்குள் மாட்டிவிடலாம்” என்கிறார் கராஜ்காரர். அவர் கூறுவது பொய்யன்று. ஆனால், அது முழு உண்மையும் அன்று.

முதலாவது இடர் மின்சாரத்தில் உள்ளது. பழைய வண்டி 6 வோல்ற் வகை. அதன் தீப்பொறியைத் தொடுமுனைகள் எழுப்பின. பின்வந்த எஞ்சினோ 12 வோல்ற் வகை. அதன் தீப்பொறியை ஒரு மின்னணுப் பெட்டி ஆள்கிறது. மின்பிறப்பாக்கி எஞ்சினோடு சேர்ந்தே வருவதால், பழைய கம்பிகளில் அதை அப்படியே இணைத்தால் விளக்குகள் எரிந்துபோகும், பற்றரி கெடும். பற்றரி, விளக்குக் குமிழ்கள், ஹோர்ன், மின்னோட்டத்தைச் சீராக்கும் கருவி ஆகிய யாவும் மாறவேண்டும். எஞ்சினின் விலையோடு இவற்றின் விலையையும் கூட்டிப் பார்ப்பதே விவேகம்.

இரண்டாவது இடர் பெயரில் உள்ளது. தொண்ணூறு என்று வழங்கும் எஞ்சின்கள் யாவும் ஒன்றல்ல. முற்காலத்து ஸி-90இன் உருளை விட்டம் 50 மில்லிமீற்றர்; ஏறக்குறைய 89 கன சென்ரிமீற்றர் கொள்ளளவு. பிற்காலத்து ஸி-90இன் விட்டம் 47 மில்லிமீற்றர். கொள்ளளவு ஏறக்குறைய 85. ஒன்றன் பிஸ்ரன் மற்றொன்றுக்குப் பொருந்தாது. ஆகவே உதிரிப்பாகம் வாங்கும்போது, வண்டியின் பெயரை அன்றி எஞ்சினின் இலக்கத்தையே சொல்லிக் கேட்கவேண்டும்.

மூன்றாவது இடர் உயிரைப் பற்றியது. வலிய எஞ்சின் கிடைத்துவிட்டதே என்று, வேகத்தை நாடிப் பின்சக்கரத்தின் பற்சக்கரத்தைச் சிறிதாக்குவோர் உண்டு. மலையிறக்கத்தில் எஞ்சினே இரண்டாவது பிரேக் என்பதை அவர்கள் மறக்கிறார்கள். பற்சக்கரம் சிறுத்தால் எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தும் வலிமை குறையும். பாரம் முழுவதும் எழுபதுக்கென அமைந்த பழைய பிரேக்குகளின்மேல் விழும். காய்கறி மூட்டையோடு மழை நாளில் ஹந்தானைச் சரிவில் இறங்குபவருக்கு இது சிறு விஷயமன்று.

இறுதி இடர் ஏட்டில் உள்ளது. இலங்கையில் வாகனப் பதிவுச் சான்றிதழில் சட்டக இலக்கமும் எஞ்சின் இலக்கமும் பொறிக்கப்படுகின்றன. எஞ்சின் மாறினால், அதை வாங்கிய பற்றுச்சீட்டோடு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தை அணுகி, மாற்றத்தைப் பதிந்துகொள்ளல் அவசியம். பதியாத எஞ்சின் களவுப்பொருளோ என்ற ஐயத்துக்கு இடமளிக்கும். விபத்து நேர்ந்தால் காப்புறுதி தொடர்பான வழக்கும் எழலாம். வண்டியை விற்பதும் கடினமாகலாம். கொள்ளளவு 100ஐத் தாண்டினால் சாரதி அனுமதிப்பத்திரத்தின் வகுப்பும் வேறாகும். பற்றுச்சீட்டில்லாத எஞ்சின் எவ்வளவு மலிவானாலும் அதை நாடாதிருப்பதே நன்று.

இவற்றையெல்லாம் கேட்ட காய்கறி வியாபாரி மனம் தளரவேண்டியதில்லை. எஞ்சின் மாற்றம் ஆகாத காரியமன்று. நேர்த்தியாகச் செய்தால் பழைய வண்டி இன்னும் பல்லாண்டு அவர் குடும்பத்தைத் தாங்கும். ஆனால் அது ஒரு மாலைப்பொழுதின் வேலையன்று. போல்ற் இரண்டும் பொருந்திய பின்னர், கம்பியும் பிரேக்கும் ஏடும் பொருந்துகின்றனவா என்று பார்த்த பிறகே வண்டி மலையேறலாம். அதைவிட முக்கியமாக, மலையிறங்கலாம்.