விரல் போனவருக்கு ஜாகா வேலைதானா? மறுபயிற்சி உரிமை பற்றி ஒரு விளக்கம்

(தொழிலாளர் குடும்பங்களுக்கான சட்ட விளக்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சொக்சோ என்றால் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? அடிபட்டால் காசு கொடுக்கும் இடம். நம்மில் பெரும்பாலோர் அறிந்தது அவ்வளவுதான். எம்.சி. நாட்களுக்குச் சம்பளம், டாக்டர்கள் குழு சொல்லும் விழுக்காட்டுக்கு ஒரு தொகை, அத்தோடு கோப்பு மூடப்பட்டது என்று நினைத்து வீட்டுக்கு வந்துவிடுகிறோம். அந்தக் கோப்பில் நாம் திறந்துகூடப் பார்க்காத ஒரு பக்கம் இருக்கிறது. காயம்பட்டவரை மீண்டும் வேலைக்குக் கொண்டுவர வேண்டிய பக்கம் அது. இன்று அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயது 38. ஷா ஆலத்தில் ஒரு தொழிற்சாலையில் 14 ஆண்டுகளாகப் பிரஸ் இயந்திரம் ஓட்டியவர். ஒருநாள் இயந்திரம் இறங்கியது, வலது கையில் மூன்று விரல்கள் போயின. முதல் மாதம் முதலாளி ஆப்பிள் வாங்கிக்கொண்டு மருத்துவமனைக்கு வந்தார். ஆறாவது மாதம் மனிதவள அதிகாரி ஒரு கடிதத்தை நீட்டினார். கிடைத்த பணத்தில் பாதி கடனுக்குப் போனது, மீதி ஒரு பழைய வேனுக்கு முன்பணமானது. அடுத்த வருடம் அவர் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு வாசலில் 12 மணி நேர ஜாகா. இந்தக் கதையில் வரும் ஆள் உங்கள் பக்கத்து வீட்டில் இருக்கிறார், அல்லது உங்கள் வீட்டிலேயே இருக்கிறார்.

ஜாகா வேலை இழிவு என்று நான் சொல்லவில்லை. அந்தச் சம்பளத்தில் பிள்ளைகளைப் பல்கலைக்கழகம் வரை அனுப்பியவர்களை எனக்குத் தெரியும். ஆனால், விரல் போன நம்மவருக்கு ஜாகா வேலையைத் தவிர வேறு வழியில்லை என்று யார் எழுதி வைத்தது? சட்டம் அப்படி எழுதி வைக்கவில்லை.

1969ஆம் ஆண்டு ஊழியர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்தான் சொக்சோ இயங்குகிறது. அந்தச் சட்டத்தின் 31ஆவது பிரிவு நம்மிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டது. வேலையில் காயம்பட்ட தொழிலாளி, அந்தக் காயத்துக்காகத் தன் முதலாளி மீது நீதிமன்றத்தில் நஷ்ட ஈட்டு வழக்குப் போட முடியாது. இயந்திரத்துக்குத் தடுப்பு போடாதது முதலாளியின் தவறாகவே இருந்தாலும் இதுதான் நிலை. அந்த உரிமைக்கு ஈடாகத்தான் சொக்சோ பலன்கள் தரப்படுகின்றன. ஆகவே சொக்சோ முகப்பில் நிற்கும்போது தர்மம் கேட்டு நிற்பதாக நினைக்காதீர்கள். நீங்கள் முன்கூட்டியே விலை கொடுத்துவிட்டீர்கள். பெரிய விலை.

அந்தப் பலன்களில் பணம் ஒரு பாதி. தற்காலிகமாக வேலை செய்ய முடியாத நாட்களுக்கு, கணக்கிடப்படும் தினச் சம்பளத்தில் 80 விழுக்காடு. நிரந்தரக் குறைபாடு என்றால் 90 விழுக்காட்டை அடிப்படையாக வைத்துக் கணக்கு. குறைபாடு 20 விழுக்காட்டைத் தாண்டாவிட்டால் மொத்தமாக ஒரே தொகை. தாண்டினால் ஐந்தில் ஒரு பங்கை மொத்தமாக எடுத்துக்கொண்டு மீதியை மாதாமாதம் ஆயுள் முழுதும் பெறலாம். டாக்டர்கள் குழு சொன்ன விழுக்காடு குறைவு என்று தோன்றினால் 90 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். இது ஓரளவு உங்களுக்குத் தெரிந்ததுதான்.

மறு பாதி மறுவாழ்வு. உடலைத் தேற்றும் சிகிச்சை, செயற்கை உறுப்பு, தொழில் மறுபயிற்சி ஆகியவற்றைச் செலவின்றி வழங்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 2007 ஜனவரியில் 'ரிட்டர்ன் டு வொர்க்' என்ற வேலைக்குத் திரும்பும் திட்டத்தைச் சொக்சோ தொடங்கியது. 2014இல் மலாக்காவில் துன் ரசாக் மறுவாழ்வு மையம் திறக்கப்பட்டது. சிகிச்சையும் தொழில் மறுபயிற்சியும் ஒரே வளாகத்தில் நடக்கும் இடம் அது.

இந்தத் திட்டத்தில் உங்களுக்கென ஒரு வழக்கு மேலாளர் நியமிக்கப்படுவார். மலாயில் 'பெங்ஙுருஸ் கெஸ்' என்பார்கள். அவர் முதலில் பழைய முதலாளியிடமே அதே வேலைக்கு உங்களை அனுப்ப முடியுமா என்று பார்ப்பார். முடியாவிட்டால் அந்த வேலையைக் கொஞ்சம் மாற்றி அமைக்கலாமா, அதே இடத்தில் வேறு வேலை கிடைக்குமா என்று கேட்பார். அதுவும் இல்லையென்றால்தான் வேறு முதலாளி, புதிய தொழிற்பயிற்சி அல்லது சொந்தத் தொழில். நம் பிரஸ் தொழிலாளியையே பாருங்கள். 14 ஆண்டு அனுபவம் அவர் விரலிலா இருந்தது? எந்த அச்சு எப்போது தேயும், எந்தச் சத்தம் ஆபத்தின் அறிகுறி என்பதெல்லாம் அவர் தலையில் இருக்கிறது. தரச் சோதனைக்கோ, இருப்புக் கிடங்குக்கோ, புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவோ அவரை வைத்துக்கொள்ளலாம். உடற்குறையுள்ளவருக்குக் கொடுக்கும் சம்பளத்துக்கு முதலாளிக்குக் கூடுதல் வரிக்கழிவும் உண்டு. இதை முதலாளி உங்களிடம் சொல்ல மாட்டார். அவருக்கே தெரியாமலும் இருக்கலாம்.

பிறகு ஏன் நம்மவர்கள் இதில் சேர்வதில்லை? நான் வீடுகளில் கேட்கும் பதில்களில் முதலாவது பயம். "பயிற்சிக்குப் போனால் சொக்சோ காசை நிறுத்திவிடுவான் சார்." மனைவிமார்கள்தான் இதை அதிகம் சொல்கிறார்கள். அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன், மாதாமாதம் வரும் அந்தப் பணத்தில்தான் அடுப்பு எரிகிறது. ஆனால் வேலைக் காயத்துக்கான நிரந்தரக் குறைபாட்டுப் பலன், நீங்கள் வேலைக்குத் திரும்பினீர்கள் என்பதற்காக நிற்காது. போன விரலுக்கான பணம் அது. புதிய சம்பளத்தோடு அதையும் சேர்த்தே பெறலாம். 'பென்ஷன் இலாட்' எனப்படும் இயலாமை ஓய்வூதியம் வேறு. நோயாலோ மற்றக் காரணத்தாலோ உழைக்கவே முடியாதவர்களுக்கானது, அதற்கு வேறு விதிகள். உங்களுக்கு வருவது எது என்று கடிதத்தை எடுத்துப் பாருங்கள். இரண்டையும் போட்டுக் குழப்பித்தான் பலர் வீட்டிலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள்.

இரண்டாவது காரணம் மொழி. கடிதம் மலாயில் வருகிறது. தோட்டத்தில் பிறந்து, தோட்டம் விற்கப்பட்டதும் பாதிப் படிப்போடு தொழிற்சாலைக்கு வந்த தலைமுறைக்கு அந்தக் கடிதம் ஒரு மிரட்டல் போலத்தான் தெரியும். டிராயரில் போட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். இடைநிலைப்பள்ளியில் படிக்கும் உங்கள் மகள் ஐந்து நிமிடத்தில் படித்துச் சொல்லிவிடுவாள். படிப்பில்லையே என்றும் தயங்க வேண்டாம். மலேசியத் திறன் சான்றிதழின் முதல் நிலைக்கு எஸ்.பி.எம். தேவையில்லை, மலாய் பேச எழுத வந்தால் போதும்.

மூன்றாவது, மனிதவள அதிகாரி நீட்டிய அந்தக் கடிதம். இதைக் கவனமாகக் கேளுங்கள். "நானாகவே வேலையை விட்டு விலகுகிறேன்" என்று அதில் எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். காயம்பட்டவரை முதலாளி வேலையிலிருந்து நீக்கினால், ஐந்து ஆண்டுக்கு மேல் உழைத்தவருக்கு ஒவ்வோர் ஆண்டுக்கும் 20 நாள் சம்பளம் என்று 1980ஆம் ஆண்டு விதிமுறை சொல்கிறது. நம் தொழிலாளிக்கு 14 ஆண்டு, அதாவது 280 நாள் சம்பளம். தானாக விலகினால் ஒரு காசும் இல்லை. 2018 முதல் நடப்பில் இருக்கும் வேலைக் காப்புறுதித் திட்டத்தில் வேலையிழந்தவருக்கு உதவித்தொகையும் பயிற்சிக் கட்டணமும் உண்டு. தானாக விலகியவருக்கு அதுவும் இல்லை. தற்காலிகக் குறைபாட்டுப் பலன் பெறும் காலத்தில் உங்களை நீக்கவே முதலாளிக்கு அனுமதி கிடையாது. அநியாயமாக நீக்கினால் 60 நாட்களுக்குள் தொழில் உறவு இலாகாவில் புகார் கொடுக்கலாம். 61ஆவது நாள் வந்தால் நான் மட்டுமல்ல, எந்த வழக்கறிஞரும் உதவ முடியாது.

சொக்சோ மீதும் எனக்குக் குறை உண்டு. மறுவாழ்வு பற்றிய பிரிவில் சட்டத்தின் சொல் 'வழங்கலாம்' என்பதுதான், 'வழங்க வேண்டும்' என்பதல்ல. அந்த ஒரு சொல்லில் எத்தனை பேர் விழுந்து போகிறார்கள் தெரியுமா? விண்ணப்பித்தவர் முன்னே போகிறார், வாய் திறக்காதவர் பின்னால் நிற்கிறார். மலாக்காவில் மையம் இருப்பது சரி, சுங்கை சிப்புட்டில் செம்பனைக் குலை வெட்டும்போது முதுகு ஒடிந்தவருக்கு அதைத் தமிழில் யார் சொன்னது? சொக்சோவே நம் குடியிருப்புகளுக்கு வந்து விளக்க வேண்டும் என்று நாம் தொடர்ந்து கேட்க வேண்டும்.

குத்தகையாளரிடம் வேலை செய்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. சந்தா கட்டாதது முதலாளி செய்த குற்றம். அதற்காக நீங்கள் ஒதுங்கிப் போகாதீர்கள், சொக்சோவில் நேரே புகார் செய்யுங்கள். விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்குத் தெரிவித்திருக்க வேண்டும். செய்தாரா என்று கேளுங்கள். வேலைக்குப் போகும் வழியில், வரும் வழியில் நடக்கும் விபத்தும் இதில் சேரும்.

எப்போது கேட்பது? எம்.சி. முடிந்த பிறகல்ல, எம்.சி.யில் இருக்கும்போதே. வாயால் கேட்டால் போதாது, எழுதிக் கொடுங்கள். பெரிய கடிதம் வேண்டாம், இவ்வளவு போதும்: "சாயா மெமொஹோன் சுபாயா கெஸ் சாயா டிருஜுக் கெபாடா புரோகிராம் ரிட்டர்ன் டு வொர்க். சாயா ஜுகா இங்ஙின் மெண்டாபாட் லத்திஹான் வொக்காஷனல்." என் வழக்கை வேலைக்குத் திரும்பும் திட்டத்துக்கு அனுப்புங்கள், எனக்குத் தொழிற்பயிற்சியும் வேண்டும் என்று பொருள். பெயர், அடையாள அட்டை எண், விபத்து நாள், கையெழுத்து. இரண்டு பிரதி எடுத்துச் செல்லுங்கள். ஒன்றை முகப்பில் கொடுத்துவிட்டு, மற்றதில் தேதியோடு முத்திரை வாங்காமல் அங்கிருந்து நகராதீர்கள்.