மொழியை மறைத்த தாய்மார்



இன்றைக்கு நாங்கள் பேச எடுத்தது எல் சல்வடோர் நாட்டின் கதை. மத்திய அமெரிக்காவில் உள்ள சின்ன நாடு. இலங்கையில் மூன்றில் ஒரு பங்குதான் வரும். கோப்பிக்குப் பேர்போனது. 1880களில் ஊர்ப் பொதுக்காணிகளைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள். நிறையக் காணி கோப்பி முதலாளிமார் கைக்குப் போனது. பூர்வீகக் குடிகள் கூலிக்குப் பழம் பறிக்க வேண்டியதாயிற்று. பறித்ததை நிறுத்துத்தான் சம்பளம். நிறுவையைப் பற்றி உங்களுக்கு நாங்கள் சொல்லவா வேணும்!

1929க்குப் பிறகு கோப்பி விலை விழுந்தது, கூலியும் விழுந்தது. 1932 ஜனவரியில் மேற்குப் பக்கத்துச் சனங்கள் கிளம்பினார்கள். இராணுவம் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. பூர்வீகக் குடி என்று தெரிந்தாலே ஆபத்து. அதனால் நிறையப் பெண்கள் தங்கள் உடுப்பை மாற்றினார்கள். பிள்ளைகளிடம் நவாட் பாஷை பேசுவதையும் விட்டார்கள். பிள்ளை உயிரோடு இருக்கட்டும் என்ற பயம். அவர்களைக் குறை சொல்ல நமக்கு மனம் வராது.

பிறகும் நிம்மதி இல்லை. 1980இல் ஏழைகளுக்காகப் பேசிய பேராயர் ரொமேரோவைப் பூசை நேரத்திலேயே சுட்டார்கள். 1992 வரை நடந்த யுத்தத்தில் சுமார் 75,000 பேர் செத்தார்கள். லட்சக்கணக்கானோர் அமெரிக்காவுக்குப் போனார்கள். அவர்கள் அனுப்புகிற காசில்தான் இன்றும் பல வீடுகளில் அடுப்பெரிகிறது. போன இடத்திலும் புபூசா சுடுகிறார்கள். சோளமாவுக்குள் போஞ்சி விதை மசியலும் சீஸும் வைத்துச் சுடுகிற ரொட்டி அது. ருசியை மறக்கவில்லை, பாஷைதான் போச்சு.

இன்று நவாட் சரளமாகப் பேசுகிறவர்கள் மிகச் சிலர், அதிலும் வயசாளிகள். 2010இல் சாந்தோ தொமிங்கோ தெ குஸ்மான் என்ற ஊரில் நம்ம பிள்ளைமடுவம் மாதிரி ஒன்று தொடங்கினார்கள். அந்தப் பாஷை தெரிந்த ஊர்ப் பெண்களே அங்கே சின்னப்பிள்ளைகளோடு நவாட்டில் பேசிப் பழக்கினார்கள்.